கத்தரியை வைக்கிற கை

அத்தியாயம் 14

பெட்டியை மூடுவதற்குள் ஜலஜாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறு புடவை, பேரன் சாய்சரணுக்குச் சுட்ட தேங்குழல் ஒரு டப்பா, மகள் மஹதி கேட்ட வற்றல் வடாம் எல்லாவற்றையும் சமர்த்தாக வாங்கிக்கொண்ட பெட்டி, கடைசியில் வைத்த சால்வைக்கு மட்டும் முரண்டு பிடித்தது. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள்.

"என்னைவிட உனக்கு ரோஷம் ஜாஸ்தியா இருக்கே" என்று பெட்டியைத் திட்டினாள்.

ரோஷம்தான். போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்களே. சீதா மேட்சிங் சென்டரின் புதுக் கிளை அடையாறில் திறக்கிறது, அங்கே கவுன்டருக்கு ஒரே ஆள்தான், இரண்டாவது ஆள் கிடையாது என்று அனிருத் அறிவித்தான். மயிலாப்பூர், தி.நகர், கோபாலபுரம் கடைகளிலும் போகப் போக அப்படித்தான் என்றான். அதோடு விட்டானா?

"நீ இன்னும் எத்தனை நாள்தான் நிப்பே அத்தை? ரெஸ்ட் எடுத்துக்கோ" என்றான். பாவம், பிரியமாகத்தான் சொன்னான்.

ஜலஜா நிமிர்ந்து தன் அண்ணன் சுவாமிநாதனைப் பார்த்தாள். கடையின் முதலாளி அவர். அனிருத்தின் அப்பா. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ ரசத்தில் கிடந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா நான் பெங்களூருக்கு மஹதியாத்துக்கே போயிடறேன். அங்கேயே இருந்துக்கறேன்" என்று ஜலஜா பட்டென்று சொல்லிவிட்டாள்.

அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ரயில் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அதைத்தான் ஜலஜாவால் தாங்க முடியவில்லை.

இன்று காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுவாமிநாதன் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புது வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரிடம் வெள்ளையைத் தவிர வேறு சட்டையே கிடையாது.

"கிளம்பியாச்சா?"

"ஆச்சு. ரயில் மத்தியானம்தான். அடையாறுக்கு வந்து நமஸ்காரம் பண்ணிட்டு, அப்படியே சென்ட்ரலுக்குப் போயிடறேன்."

"தண்ணி பாட்டில் எடுத்துண்டியோ?"

"எடுத்துண்டேன்." ஜலஜா பெட்டியின் பூட்டைத் திருகினாள். "முதல் வெட்டு நீதானே? ஹாஜிரா பீ வராளா?"

"வரா. அவ பொண்ணு ஆஃப்ரீனுக்கு நிக்காஹ். புடவையை எடுத்துண்டு வரேன்னா."

"கத்தரியை யார் வைக்கப்போறா?"

"நான் பார்த்துக்கறேன், ஜலா."

"எப்படி?"

"பார்த்துக்கறேன்னு சொன்னேனே" என்று சொல்லிவிட்டு, அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷனுக்கு முத்தா உதிர்ந்துவிடும்? இந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் எங்கோ கிளம்பிப் போனார், எட்டு மணிக்குத் திரும்பி வந்தார், எங்கே என்றும் சொல்லவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று ஜலஜா முடிவே கட்டிவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைப் படியிறக்கினாள்.

ஆட்டோ கிரீன்வேஸ் சாலையில் திரும்பும்போது அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

கணவர் போனபின், அம்மா சீதா, மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில், வீட்டின் முன்னறையில்தான் கடையை ஆரம்பித்தாள். புடவை விற்கவில்லை. புடவைக்குச் சேருகிற ரவிக்கைத் துணி மட்டும். ஒரு பலகை, நாலு வரிசை ரூபியாத் துணி ரோல், ஒரு கத்தரி. பதினைந்து வயது சுவாமிநாதன்தான் வெட்டுவான். கோடு போடாமலே நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டுகிற கை அது. அதில் சீதாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் சீதா வெளியே போயிருந்த நேரம், ஹாஜிரா பீயின் அம்மா அமீனா பீ ஓர் அரக்கு நிறப் புடவையைக் கொண்டுவந்து, அதே நிறத்தில் துணி கேட்டாள். சுவாமிநாதன் எடுத்து வெட்டியது கரும்பச்சை. அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயது ஜலஜா பதறிப்போய், "மாமி, இது காண்ட்ராஸ்ட்! இப்போ இதான் எல்லாரும் போட்டுக்கறா" என்று சமாளித்துவிட்டாள். அமீனா பீ ஒரு நிமிஷம் இரண்டு குழந்தைகளையும் பார்த்தாள். பிறகு, நல்லாத்தான் இருக்கு என்று வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதமே அந்தத் தெருவில் நாலு பேர் அரக்குப் புடவைக்குப் பச்சைத் துணி கேட்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

சீதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கத்தரியை எடுத்து ஜலஜாவிடம் கொடுத்தாள். "அவன் துணியை எடுக்கட்டும். நீ பார்த்துட்டு, சரியா இருந்தா மட்டும் கத்தரியை அவன் முன்னாடி வை. வச்ச பிறகு அவன் வெட்டட்டும். யாராவது கேட்டா, கத்தரியைக் கைக்குக் கை கொடுத்தா சண்டை வரும், அதான் கீழே வைக்கறோம்னு சொல்லு."

அவ்வளவுதான். கடை வளர்ந்தது, வழக்கமும் வளர்ந்தது. தி.நகரில் கிளை திறந்தபோது எல்லாக் கவுன்டருக்கும் அதையே சட்டமாக்கினார்கள். ஒருவர் எடுப்பார், இன்னொருவர் பார்த்துக் கத்தரியை வைப்பார், அப்புறம்தான் வெட்டு. சீதா மேட்சிங்கில் வெட்டினால் நிறம் மாறாது என்று ஊரே சொன்னது. ஏன் இப்படி என்று சீதாவுக்குத் தெரியும், சுவாமிநாதனின் மனைவிக்குத் தெரியும். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது மீதி இருப்பது அண்ணனும் தங்கையும்தான். புதுக் கிளை திறந்தால் முதல் துணி அமீனா பீ வீட்டுக்குத்தான் என்று சுவாமிநாதன் வைத்திருக்கும் வழக்கத்துக்கும் காரணம் அந்தப் பச்சைத் துணிதான்.

ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டியது.

கடை வாசலில் வாழை மரம், சாமந்தித் தோரணம், உள்ளே ஏசி குளிர். சும்மா சொல்லக்கூடாது, அனிருத் இழைத்து இழைத்துத்தான் கட்டியிருந்தான். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் குடும்பக் கதை. நடுவில் சீதாவின் படம். அதற்குக் கீழே ஒரு பெரிய புகைப்படத்தில், மரப்பலகையில் கத்தரியை வைக்கிற ஒரு கை. மோதிர விரலில் இருந்த தழும்பைப் பார்த்து ஜலஜா அது தன் கை என்று கண்டுகொண்டாள். வழக்கத்தை நிறுத்திவிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறானே இந்தப் பிள்ளை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் தாரணி ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க மேடம். சாருக்கு இந்தக் கடை மேல எவ்வளவு ஆசை தெரியுமா? இந்த வாரம் பூரா தினமும் சாயந்திரம் வந்தாரு. யார்கூடவும் பேசல. இந்த ரேக் முன்னாடியே நின்னு, விரலை விட்டு எண்ணி எண்ணி ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு."

ஜலஜா அப்படியே நின்றாள்.

மனப்பாடம் பண்ணியிருக்கிறார்! மயிலாப்பூர் கடையில் எந்த ரோல் எந்த இடம் என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதே மாதிரி இங்கேயும், மூன்றாவது வரிசையில் இடப்பக்கம் அரக்கு, அதற்கு அடுத்தது காப்பிக்கொட்டை என்று பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கிற மாதிரி படித்திருக்கிறார். தங்கை இல்லாமல் சமாளிப்பதற்காக, இந்த வயதில். இதைப் போய் நான் என்னென்னவோ நினைத்தேனே என்று ஜலஜாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"அத்தை! வந்துட்டியா?" அனிருத் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். "ரேக்கைப் பார்த்தியா? நேத்து ராத்திரிதான் டெக்கரேஷன்காரா வந்து மொத்த ரோலையும் கலைச்சு அடுக்கினா. வீடியோல பார்த்தா வானவில் மாதிரி இருக்கும்."

"கலைச்சுட்டாளா? அப்பாகிட்ட சொன்னியோடா?"

"அப்பாகிட்ட எதுக்கு? பார்த்தா தெரியப்போறது."

ஜலஜா பதில் சொல்வதற்குள் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்ட, கூட்டம் முன்னால் நகர்ந்தது. அனிருத்தையும் யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் சுவாமிநாதன் நின்றார். இந்தப் பக்கம் ஹாஜிரா பீ, பக்கத்தில் வெட்கத்தோடு ஆஃப்ரீன். ஹாஜிரா பீ பையிலிருந்து புடவையை எடுத்துப் பலகையில் விரித்தாள். நல்ல அரக்கு.

"அண்ணே, இந்த அரக்குப் புடவைக்கு இதே கலர்ல வேணும். மாமியாக்காரி காண்ட்ராஸ்ட் ஒத்துக்க மாட்டாங்க. இன்னா பண்றது?"

"பேஷா எடுத்துடலாம்" என்றார் சுவாமிநாதன்.

புடவையைத் தடவிப் பார்த்தார். ரேக் பக்கம் திரும்பினார். உதடு அசைந்ததை ஜலஜா தூரத்திலிருந்தே பார்த்தாள். விரல் மூன்றாவது வரிசைக்குப் போனது, இடப்பக்கம் நகர்ந்தது, நின்றது. ஒரு ரோலை உருவிப் பலகையில் சரசரவென்று விரித்தார்.

கரும்பச்சை.

ஆஃப்ரீன் தன் அம்மாவைப் பார்த்தாள். ஹாஜிரா பீயின் கண் கூட்டத்தில் ஜலஜாவைத் தேடியது. ஒன்றும் தெரியாத வீடியோக்காரர், "சார், கத்தரியக் கைல எடுங்க சார்" என்றார். ரிப்பன் கட்டிய கத்தரியை அப்பாவின் கையில் கொடுக்கப்போன அனிருத், துணியைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினான்.

"அப்பா," என்று காதோடு சொன்னான், "அது பச்சைப்பா."

சுவாமிநாதனின் கை துணியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஐம்பது வருஷமாக அவரிடம் யாரும் அப்படிச் சொல்லும்படி ஆனதில்லை. துணியைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். என்ன பார்த்து என்ன, அவருக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாளியின் முகம் போய், அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் தப்புப் பண்ணிவிட்ட பையனின் முகம் அங்கே வந்தது.

ஜலஜாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ரோஷமாவது, ரயிலாவது!

"நகருங்கோ, கொஞ்சம் நகருங்கோ" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுன்டருக்குப் பின்னால் போய், அண்ணனின் இடப்பக்கம் நின்றாள். எப்போதும் நிற்கிற இடம்.

"அனி, கத்தரியைக் கையில கொடுக்காதே. கீழே வை."

அனிருத் வைத்தான். ஜலஜா ரேக்கைப் பார்த்தாள். அரக்கு ரோல் கீழ் வரிசையில், வானவில்லின் வேறு கோடியில் கிடந்தது. அதை எடுத்துப் பச்சைக்குப் பக்கத்திலேயே விரித்தாள்.

"அண்ணா காண்ட்ராஸ்ட்ல ஒண்ணு எடுத்து வச்சிருக்கான். அது எங்க சீரா இருக்கட்டும், ஆஃப்ரீன் அப்புறமா போட்டுக்கட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு கத்தரியை நகர்த்தி, அரக்குத் துணியின் முன்னால் வைத்தாள். "முதல்ல இதை வெட்டுண்ணா."

சுவாமிநாதன் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பார். கத்தரியை எடுத்தார். கோடு போடாமலே, நூல் பிடித்த மாதிரி வெட்டினார். கூட்டம் கை தட்டியது.

துணியை வாங்கிக்கொள்ளும் சாக்கில் ஹாஜிரா பீ கவுன்டரின் மேல் குனிந்தாள்.

"அக்கா, நீ வரலியோன்னு பயந்தே பூட்டேன். 'கத்தரிய அந்தப் பொண்ணு வச்சாத்தான் வாங்கணும், ஆனா அங்கயேதான் வாங்கணும்'னு எங்கம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. எங்க வூட்டுல எல்லாருக்கும் தெரியும்க்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

ஜலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் கேசரிக்குக் கலைந்ததும், அனிருத் அப்பாவையும் அத்தையையும் பின்பக்கம் சரக்கு அறைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"எப்பலேர்ந்து அத்தை, அப்பாவுக்கு இப்படி?"

"பொறந்ததுலேர்ந்து."

"அதான் காரைத் தொட மாட்டேங்கறியாப்பா? சிக்னல் தெரியாதுன்னா? அதான் எப்பவும் வெள்ளைச் சட்டையா?" அனிருத்தின் குரல் உடைந்தது. "எங்கிட்ட ஏம்பா சொல்லலை?"

"கலர் தெரியாதவன்கிட்ட மேட்சிங் வாங்க யார்டா வருவா?" என்றார் சுவாமிநாதன். "பாட்டி சொல்லக் கூடாதுன்னா. அப்படியே பழகிப்போச்சு."

"அப்போ அந்த ரெண்டாவது ஆள்..."

"உங்கப்பாவுக்காகப் பாட்டி போட்ட வழக்கம்டா அது" என்றாள் ஜலஜா. "அதுல ஊருக்கும் நல்லது நடந்துது. ஒத்தர் கண்ணு தப்பினா இன்னொருத்தர் பிடிப்பா."

அனிருத் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். "நான் போய் அதை வேண்டாம்னேனே. தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை. நாளையிலேர்ந்து இங்கேயும் கவுன்டருக்கு ரெண்டு பேர். இப்பவே தாரணிகிட்ட சொல்லிடறேன்" என்று அவர்கள் பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனான்.

அண்ணனும் தங்கையும் தனியாக இருந்தார்கள். சுற்றிலும் பிரிக்காத ரோல்கள். சுவாமிநாதன் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"ஏண்ணா, போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஒரு வாரமா நான் தூங்கலை, தெரியுமா?"

"சொன்னா நீ இருந்துடுவியே, ஜலா." அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவாடை கட்டிண்டிருந்த நாள்லேர்ந்து என் பக்கத்துல நிக்கறே. கல்யாணம் ஆகி மறு வாரமே கடைக்கு வந்துட்டே. மஹதிக்குத் தொட்டில் கட்டினதே கடையிலதான். உனக்குன்னு என்ன பண்ணிண்டே? இப்பவாவது பொண்ணு பேரனோட நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான் பேசாம இருந்தேன். ரேக்கை மனப்பாடம் பண்ணிட்டா நான் சமாளிச்சுப்பேன்னு நினைச்சேன்."

"பண்ணினியோ?"

"நன்னாத்தான் பண்ணினேன். ஒரே ராத்திரியில மாத்தி வச்சுட்டான், படுபாவி."

ஜலஜாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. சுவாமிநாதனும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ரயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் எங்கேயும் போகலை" என்று ஜலஜா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கைப்பையில் போன் அடித்தது. மஹதி.

"அம்மா, கிளம்பிட்டியா?" மகளின் குரல் கம்மியிருந்தது. "சாய்சரண் ஸ்கூல்லேர்ந்து மறுபடியும் கூப்பிட்டா. படம் வரையச் சொன்னா வேணும்னே கண்டபடி பண்றானாம். கவனமே இல்லைங்கறா. நானும் கோவத்துல ரெண்டு வச்சுட்டேன்மா. 'நான் சரியாத்தான் போட்டேன், நான் சரியாத்தான் போட்டேன்'னு கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துண்டு அழறான். வெளியிலேயே வரமாட்டேங்கறான். படத்தை உனக்கு அனுப்பியிருக்கேன், பாரு. சீக்கிரம் வாம்மா."

ஜலஜா படத்தைத் திறந்தாள். ஒரு மாமரம். கிளை கிளையாக, ஐந்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பொறுமை என்று வியக்கும்படி வரைந்திருந்தான். அடிமரம் முழுக்கப் பச்சை. இலை எல்லாம் காப்பிக்கலர்.

ஜலஜா படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். போனை அண்ணனிடம் நீட்டினாள்.

சுவாமிநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையைத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் கொண்டுவந்து, நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேடே, மாமரம்! எவ்வளவு நன்னா போட்டிருக்கான் குழந்தை! இதுல என்ன தப்புக் கண்டா அந்த டீச்சர்?"

ஜலஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்த முகத்தோடு தங்கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. போனைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்தது.

"ஜலா... அவனுக்குமா?"

ஜலஜா எழுந்தாள். கதவைத் திறந்து, வெளியே இருந்த பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"எழுந்திருண்ணா. ரயிலுக்கு நேரமாச்சு. கட்டிலுக்கு அடியில ஒரு குழந்தை உக்காந்துண்டிருக்கு. அவன் பக்கத்துல போய் நீதான் உக்காரணும்."